கிம் டே ஜங்: தூக்குமேடையிலிருந்து நீல மாளிகைக்கு

[திரையில்: கொரியத் தீபகற்பத்தின் தென்மேற்குக் கடற்கரை வரைபடம்]

பார்க் சுங் ஹீயின் ராணுவ ஆட்சிக் காலத்தில், தென்கொரியாவின் பெரிய ஆலைகள் பெரும்பாலும் அவருடைய சொந்தப் பகுதியான கியோங்சாங்கிற்கே சென்றன. தென்மேற்கிலுள்ள ஜியோல்லா விவசாயப் பகுதியாகவே விடப்பட்டது. அந்த ஜியோல்லாவின் கரையோரத்தில் உள்ள ஹாவுய் என்ற சிறு தீவில், 1924-ஆம் ஆண்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், பின்னாளில் தென்கொரிய அதிபராகி நீல மாளிகை என்ற அதிபர் மாளிகைக்குச் சென்ற கிம் டே ஜங். மோக்போ துறைமுக நகரில் வணிகப் பள்ளிப் படிப்பை முடித்து, கப்பல் தொழில் நடத்திய பிறகு, அவர் அரசியலுக்கு வந்தார். பல தோல்விகளைக் கண்டபின், 1961 மே மாதம் இடைத்தேர்தல் ஒன்றில் வென்றார். ஆனால் மூன்றே நாளில் பார்க் ராணுவப் புரட்சி நடத்தி நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டதால், அந்த வெற்றி வீணாயிற்று.

1971 அதிபர் தேர்தலில் அதே பார்க்கை எதிர்த்து நின்ற கிம், அரசு இயந்திரம் முழுவதும் எதிர்ப்பக்கம் இருந்தும் 45 சதவீத வாக்குகளைப் பெற்றார். அதே ஆண்டு அவர் சென்ற கார் மீது லாரி மோதியது. அது திட்டமிட்ட கொலை முயற்சி என்றே அவர் கடைசி வரை நம்பினார். அன்றிலிருந்து கால் தாங்கித்தான் நடந்தார். மறு ஆண்டே பார்க், மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஒழித்தார்.

[திரையில்: டோக்கியோ, 1973 ஆகஸ்ட் 8]

அப்போது ஜப்பானில் தங்கி அந்த ஆட்சியை எதிர்த்து வந்த கிம், டோக்கியோவின் கிராண்ட் பேலஸ் ஹோட்டலில் ஒருவரைச் சந்தித்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்தபோது, தென்கொரிய மத்திய உளவு நிறுவனத்தின் ஆட்கள் அவரைப் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, கார் மூலம் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் படகில் ஏற்றினார்கள். கண்களைக் கட்டி, கைகளிலும் உடலிலும் கனமான எடைகளைப் பிணைத்தார்கள். கத்தோலிக்கரான அவர், கடலில் தள்ளப்படும் நொடிக்காக ஜெபித்தபடி காத்திருந்தார். திடீரென வானில் ஒரு விமானத்தின் ஓசை கேட்டதாகவும், படகிலிருந்தவர்கள் மேல்தளத்துக்கு ஓடியதாகவும் அவர் பின்னாளில் விவரித்தார். செய்தி அறிந்த அமெரிக்கத் தூதரகம் சியோலில் கொடுத்த நெருக்கடியும் அவரைக் காத்தது. ஐந்து நாள் கழித்து, சியோலில் அவருடைய வீட்டருகே இறக்கிவிடப்பட்டார்.

1979-இல் பார்க், தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆட்சியைப் பிடித்த தளபதி சுன் டூ ஹ்வான் 1980 மே மாதம் கிம்மைக் கைது செய்தார். அடுத்த நாளே ஜியோல்லாவின் பெருநகரான குவாங்ஜுவில் மக்கள் கிளர்ந்தெழ, ராணுவம் சுட்டுப் பலரைக் கொன்றது. அந்தக் கிளர்ச்சியைத் தூண்டியவர் என்று, ஏற்கெனவே காவலில் இருந்த மனிதர் மீதே குற்றம் சுமத்தி ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சிறையில் கிடைத்த ஒற்றைத் தாளில் பொடிப்பொடி எழுத்துகளாக நெருக்கி, மனைவி லீ ஹீ ஹோவுக்கு அவர் கடிதங்கள் எழுதினார். உலக நாடுகளின் எதிர்ப்பால் தண்டனை குறைக்கப்பட்டு, 1982 இறுதியில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்.

இத்தனை துன்பமும் அவரைக் குறையற்றவராக ஆக்கிவிடவில்லை. 1987-இல் நேரடித் தேர்தல் திரும்பியபோது, அவரும் மற்றொரு எதிர்க்கட்சித் தலைவரான கிம் யங் சாமும் விட்டுக்கொடுக்க மறுத்து இருவருமே நின்றார்கள். எதிர்க்கட்சி வாக்குகள் சிதறியதில், சுன்னின் தோழரான ரோ டே வூ சுமார் 37 சதவீத வாக்குகளிலேயே அதிபரானார். ஜனநாயகத்துக்காகப் போராடியவர்கள் அதற்கே இழைத்த மிகப் பெரிய தவறு அதுதான்.

[திரையில்: 1997 டிசம்பர்]

நான்காவது முயற்சியில் வெல்ல அவர் சேர்ந்துகொண்ட கூட்டாளி யார் தெரியுமா? 1961-இல், டோக்கியோவில் தன்னைக் கடத்திய அதே உளவு நிறுவனத்தைத் தொடங்கியவரான கிம் ஜோங் பில். டிசம்பர் 18 அன்று, சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் கிம் டே ஜங் வென்றார். சில நாட்களுக்குள், குவாங்ஜு படுகொலைக்காகவும் ஊழலுக்காகவும் சிறையிலிருந்த சுன்னுக்கும் ரோவுக்கும் பொது மன்னிப்பு வழங்க, பதவி முடிந்து செல்லவிருந்த அதிபரோடு இசைந்தார். குவாங்ஜுவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் மனம் இதனால் ஆறியிருக்காது. மன்னிப்பு, அரசியல் கணக்கு இரண்டும் அதில் இருந்தன என்றே தோன்றுகிறது. நாடு சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்தி நின்ற வேளையில், அவருக்கு, சுன், ரோ இருவரின் சொந்தப் பகுதியான கியோங்சாங்கின் பகையும் வேண்டியிருக்கவில்லை.

கடனை 2001 ஆகஸ்டிலேயே, கெடுவுக்கு மூன்றாண்டு முன்பாக, அவருடைய அரசு அடைத்தது. அதற்கு விலையாகப் பெருமளவு ஆட்குறைப்பும் நடந்தது. 2000 ஜூனில் வடகொரியத் தலைநகர் பியோங்யாங் சென்று அந்நாட்டுத் தலைவர் கிம் ஜோங் இல்-ஐச் சந்தித்தார். அவ்வாண்டு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சந்திப்புக்கு முன் வடகொரியாவுக்கு ரகசியமாகப் பணம் போனது பின்னர் வெளிவந்தது. இரு மகன்கள் ஊழல் வழக்கில் கைதாக, அவர் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

[திரையில்: சியோல் மருத்துவமனை, 2009 ஆகஸ்ட்]

2009 ஆகஸ்ட் 18 அன்று அவர் காலமானார். அதற்குச் சில நாட்கள் முன்பு, மருத்துவமனைக்கு நலம் விசாரிக்க வந்தவர்களில் சுன் டூ ஹ்வானும் ஒருவர். கிம் டே ஜங்கின் ஆட்சியில்தான் முன்னாள் அதிபர்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று, அந்தப் பொடி எழுத்துக் கடிதங்களைப் பெற்ற லீ ஹீ ஹோவிடம் அவர் சொன்னார்.