புகார் மனுவில் பிறந்த பீர்

அவையோருக்கு வணக்கம்.

தலைப்பில் பீர் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு முன்வரிசையைப் பிடித்தவர்கள் மன்னிக்க வேண்டும். இங்கே ஊற்றிக் கொடுக்க ஒன்றுமில்லை. நான் பேச வந்தது ஒரு பழைய வியாபாரத் தகராறைப் பற்றி.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் பவுலானர் என்றொரு பீர் ஆலை இருக்கிறது. அதன் சின்னத்தில் தாடி வைத்த ஒரு துறவியின் முகம் இருக்கும். ஆலை தொடங்கிய ஆண்டு 1634 என்று போட்டுக்கொள்கிறார்கள். சரி, அந்த ஆண்டில் என்ன நடந்தது? அடிக்கல் நாட்டினார்களா, ஆயர் யாராவது வந்து ஆசி கொடுத்தாரா? அப்படி எதுவும் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 24 தேதியிட்ட ஒரு புகார் மனுதான் இந்த ஆலைக்குப் பிறப்புச் சான்றிதழ். எழுதியவர்கள் மியூனிக்கின் பீர் ஆலைக்காரர்கள். கொடுத்தது நகர மன்றத்துக்கு. விஷயம் இதுதான்: ஆவ் என்ற புறநகரில் இருக்கும் மடத்துத் துறவிகள் தங்களுக்கென்று காய்ச்சும் பீரை வெளியாட்களுக்கும் விற்கிறார்கள், எங்கள் பிழைப்பு கெடுகிறது, தடுத்து நிறுத்துங்கள்.

அந்த மனு எழுதப்பட்ட காலத்தையும் பார்க்க வேண்டும். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. இரண்டு வருடம் முன்புதான் சுவீடன் மன்னர் குஸ்டாவ் அடோல்ஃப் படையோடு வந்து மியூனிக்கைப் பிடித்துப் பெரும் பணயத்தொகை கேட்டிருந்தார். அந்த மனுவின் மை காய்ந்த சில மாதங்களில் கொள்ளைநோய் வந்து ஊரில் ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போனது. அத்தனைக்கும் நடுவில் ஆலைக்காரர்களின் கவலை, மடம் விற்கும் பீர். எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. அவர்கள் பீருக்கு வரி கட்டியவர்கள். மடம் தன் சொந்தத் தேவைக்குக் காய்ச்சினால் அந்தச் சுமை கிடையாது. அதையே வெளியே விற்றால் விலையில் யார் ஜெயிப்பார்கள்?

யார் இந்தத் துறவிகள்? இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியாவில் உள்ள பவுலா என்ற ஊரைச் சேர்ந்த பிரான்சிஸ் 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சபை. பவுலானர் என்ற பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. பவேரிய ஆட்சியாளர் முதலாம் மாக்சிமிலியன் 1627இல் இவர்களை வரவழைத்து, ஆவில் நாய்டெக் என்ற இடத்தில் குடியமர்த்தினார். கற்பு, வறுமை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வாக்குறுதிகள் எல்லாத் துறவிகளுக்கும் பொது. இவர்களுக்கு நான்காவதாக ஒன்று உண்டு. ஆண்டு முழுக்கத் தவக்காலம். மற்ற கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் ஒறுத்தால் போதும். இவர்களுக்கோ இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி எதுவும் எந்த நாளிலும் கிடையாது.

பவேரியக் குளிரில் இப்படிச் சாப்பிட்டு உழைப்பதை யோசித்துப் பாருங்கள். பானம் நோன்பை முறிக்காது என்பது அக்காலத் திருச்சபையில் வழக்கமாகச் சொல்லப்பட்ட விதி. அதனால் பீரையே கெட்டியாகக் காய்ச்சினார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி நீரில் இறங்கும். அந்தச் சாறுதான் பீருக்கு அடிப்படை. அதே அளவு தண்ணீருக்கு மால்ட்டைக் கூட்டினால் சாறு அடர்த்தியாகும். அன்றைய ஈஸ்ட் அத்தனை சர்க்கரையையும் தின்று தீர்க்காது. மிச்சம் இனிப்பாகவும் சத்தாகவும் பீரிலேயே தங்கிவிடும். கஞ்சிபோல வயிற்றில் நிற்கும் பானம் அது. ‘திரவ ரொட்டி’ என்று ஜெர்மானியர்கள் சொல்வது சும்மா இல்லை. அந்த வழியில் பவுலானர் இன்றும் காய்ச்சும் கெட்டி பீரின் பெயர் சல்வாட்டோர். அதில் மூலச்சாற்றின் அடர்த்தி 18 சதவீதத்துக்கு மேல், ஆல்கஹால் 7.9 சதவீதம். துறவிகள் குடித்தது இதைவிட இனிப்பு, போதை குறைவு.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். இவ்வளவு ருசியான பானத்தை நோன்பில் குடிக்கலாமா என்று துறவிகளுக்கே சந்தேகம் வந்ததாம். ஒரு பீப்பாயை ரோமுக்கு அனுப்பினார்களாம். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, வெயிலில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தபோது அது புளித்து நாறிப்போனதாம். போப்பாண்டவர் ஒரு வாய் வைத்துவிட்டு, இதைக் குடிப்பதே பெரிய தவம், தாராளமாகக் குடிக்கட்டும் என்றாராம். கேட்கச் சுகமான கதை. இதையே வேறு ஆலைகளுக்கும் ஒட்டிச் சொல்கிறார்கள் என்பதிலேயே அதன் தரம் தெரிந்துவிடும்.

மடத்துப் பீர் வரலாறு என்றாலே இந்தச் சிக்கல் உண்டு. மியூனிக்குக்கு வடக்கே ஃப்ரைசிங் ஊரில் உள்ள வைஹென்ஷ்டெஃபான், உலகிலேயே பழைய ஆலை என்று சொல்லிக்கொள்கிறது. பெனடிக்ட் சபை மடமாக இருந்த இடம். 1040இல் ஆயர் கொடுத்ததாக ஓர் உரிமைப் பட்டயம் காட்டுகிறார்கள். அது பல நூற்றாண்டுகள் கழித்துத் தயாரித்த போலி என்பது ஆய்வாளர்கள் கருத்து. சொந்தக்காரர் எழுதி வைத்த பெருமையைவிட, போட்டிக்காரர் வயிறெரிந்து எழுதிய மனுவை நான் அதிகம் நம்புவேன். பவுலானர் பிறந்தநாள் அப்படிப்பட்ட ஒரு மனுவில் இருப்பது அந்த ஆலையின் அதிர்ஷ்டம்.

மனு போட்டதால் துறவிகள் காய்ச்சுவதை நிறுத்தவில்லை. ஏப்ரல் 2, அவர்களுடைய நிறுவனர் பிரான்சிஸின் திருநாள். அந்த நாளில் பீரைப் பொதுமக்களுக்கு ஊற்ற 1751இல் அனுமதி கிடைத்தது. 1773இல் வாலென்டின் ஸ்டில் என்ற துறவி காய்ச்சும் பொறுப்புக்கு வந்தார். மடத்துப் பெயர் பிரதர் பர்னபாஸ். திருநாள் பீரின் பெயரை ஊர் முழுக்கப் பரப்பியவர் இவர்தான். ஆட்சியாளர் நேரில் வந்தால் முதல் குவளை அவருக்கு. நாட்டின் தந்தையே வாழ்க, நல்லரசே குடித்தருள்க என்று லத்தீனில் சொல்லிக் கொடுப்பார்கள். அரசருக்கு முதல் குவளை கொடுப்பதன் பலன் 1780இல் தெரிந்தது. அப்போதைய ஆட்சியாளர் கார்ல் தியோடோர் மடத்துக்குத் தடையில்லாத விற்பனை உரிமையையே கொடுத்துவிட்டார். 1634இல் மனு எழுதியவர்களின் வாரிசுகள் அன்று என்ன சொன்னார்களோ!

ஆனால் மடத்துக்கு அதை அனுபவிக்க இருபது வருடம்கூடக் கிடைக்கவில்லை. 1799இல் மடமே கலைக்கப்பட்டது. கட்டடம் பிறகு சிறைச்சாலை ஆனது. ஃப்ரான்ஸ் சாவேர் சாக்கெர்ல் என்ற ஆலைக்காரர் மடத்துப் பீர் ஆலையை 1806இல் குத்தகைக்கு எடுத்து, 1813இல் விலைக்கே வாங்கினார். துறவி போனாலும் துறவியின் பீரை விடக்கூடாது என்பதில் தெளிவாக இருந்தார். அதிகாரிகள் சும்மா விடவில்லை. வழக்கத்தைவிடக் கெட்டியான பீரை, வழக்கத்தைவிட அதிக விலைக்கு, பருவத்தில் மட்டும் விற்பதா? பல வருட இழுபறிக்குப் பிறகு 1837இல் மன்னர் முதலாம் லுட்விக் தலையிட்டு நிரந்தர அனுமதி கொடுத்தார். என் பார்வையில் இந்த ஆலையைக் காப்பாற்றியவர் பர்னபாஸைவிடச் சாக்கெர்ல்தான். சிலை வைத்தால் அவருக்கு வைக்க வேண்டும்.

1861 முதல் அந்த விழா, ஆலையின் நிலவறைகள் இருந்த நோக்கர்பெர்க் மேட்டுக்கு மாறியது. 1888இல் அங்கே ஒரு சண்டை மூண்டு, பீர்க் குவளைகள் பறந்து, கடைசியில் குதிரைப்படை வந்து கலைத்த சம்பவத்தை ‘சல்வாட்டோர் போர்’ என்றே ஊரில் சொல்கிறார்கள். அதற்குள் ஊரிலுள்ள மற்ற ஆலைகளும் தங்கள் கெட்டி பீரைச் சல்வாட்டோர் என்றே விற்க ஆரம்பித்திருந்தன. 1896இல் பவுலானர் அந்தப் பெயரை வணிக முத்திரையாகப் பதிவு செய்தது. மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வால் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆப்டிமாட்டோர், மாக்சிமாட்டோர், ட்ரையம்ஃபாட்டோர், செலிப்ராட்டோர்... இன்றும் கடை அடுக்குகளில் இந்தக் குடும்பம் அப்படியே நிற்கிறது.

இப்போதும் ஒவ்வொரு தவக்காலத்திலும் நோக்கர்பெர்க் மண்டபத்தில் முதல் பீப்பாய் திறப்பார்கள். முதல் குவளை பவேரிய முதல்வருக்கு, அதே லத்தீன் வாழ்த்தோடு. அப்புறம் ஒருவர் மேடையேறி முதல்வர் முதல் எதிர்க்கட்சிக்காரர் வரை அத்தனை பேரையும் முகத்துக்கு நேரே கிழித்துத் தொங்கவிடுவார். நீண்ட காலம் அந்தப் பேச்சு பிரதர் பர்னபாஸ் வேடத்திலேயே நடந்தது. தொலைக்காட்சியில் நேரலை. சிரிக்காமல் இருந்தால் மானம் போய்விடும் என்பதால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அழைப்பு வராவிட்டால்தான் அவர்களுக்கு உண்மையான வருத்தம்.

ஆலை ஆவில் இப்போது இல்லை. நகரின் மேற்கு விளிம்பில், லாங்வீட் பகுதிக்குப் போய்விட்டது. பழைய இடத்தில் அடுக்குமாடி வீடுகள். ஏன் நகர எல்லையைத் தாண்டி மலிவான நிலம் பார்க்கவில்லை? மியூனிக் பீர் என்ற பெயரைப் போட நகர எல்லைக்குள் காய்ச்ச வேண்டும் என்று ஐரோப்பிய விதி இருக்கிறது. அக்டோபர் திருவிழாவில் ஊற்றும் உரிமையும் நகரத்து ஆலைகள் ஆறுக்கு மட்டும்தான். இன்றும் அனுமதிச் சீட்டுதான் ஆலையை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறது. உரிமையில் பெரும்பங்கு ஒரு மியூனிக் வணிகக் குழுமத்திடம், மீதி ஹாலந்தின் பீர் நிறுவனமான ஹைனெகனிடம். 1799க்குப் பிறகு அங்கே துறவியின் கை பட்டதில்லை.

துறவிகளுக்கே சொந்தமான பீர்தான் வேண்டும் என்பவர்கள் மியூனிக்கிலிருந்து தென்மேற்கே ஆண்டெக்ஸ் குன்றுக்குப் போகலாம். அங்கே ஆலை பெனடிக்ட் சபையுடையது. வருமானம் மியூனிக்கில் உள்ள புனித போனிஃபாஸ் மடத்துக்குப் போகிறது. 1850இல் அந்த மடத்தை நிறுவியபோது, அதன் செலவுக்காக ஆண்டெக்ஸை எழுதிக் கொடுத்தவர், சாக்கெர்லுக்கு அனுமதி கொடுத்தாரே, அதே மன்னர் லுட்விக்தான். நன்றி.