உடம்பின் கடிகாரமும் பள்ளி மணியும்

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, கைக்குழந்தையோடு வந்து முன்வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். அந்த நித்திரையை ஒட்டி வெளிச்சம், சாப்பாட்டு நேரம், பள்ளி மணி என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கதை, நடந்த கதை. 1962 ஜூலையில் மிஷேல் சிஃப்ரே என்ற 23 வயது பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றுக்குள் இறங்கினார். கையில் கடிகாரம் கிடையாது. உள்ளே பனிக்கட்டி, கும்மிருட்டு, ஓயாத ஈரம். எழுந்தால், சாப்பிட்டால், படுக்கப் போனால் மேலே இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் சொல்வார். அவர்கள் மட்டும் மணி என்ன என்று சொல்லவே கூடாது. நொடிக்கு ஒன்று என்று 120 வரை எண்ணுவார். இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டியது, ஐந்து நிமிடம் ஆகியிருக்கிறது! செப்டம்பர் 14 அன்று, "முடிந்தது, வெளியே வரலாம்" என்றார்கள். அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. இருபத்தைந்து நாள் எங்கே போனதென்றே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் உடம்பைப் பாருங்கள், சுமார் இருபத்து நாலரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று தன்பாட்டுக்குத் தூங்கி விழித்துக்கொண்டிருந்திருக்கிறது.

உடம்பின் அந்தக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், சுமார் 20,000 நரம்பணுக்களாக இருக்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அதற்குச் சாவி கொடுத்த மாதிரி. இருட்டினால் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும், தூக்கம் வரும். இது உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சரி, சாப்பாட்டு நேரத்தை மருத்துவர் ஐயா விளக்குவார். நான் பள்ளி மணிக்கு வருகிறேன்.

பதின்வயதில் இந்தக் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. பத்து மணிக்குப் படு என்றால் பிள்ளை படுப்பான், தூக்கம் வராது. காலையில் எழுப்பினால் கண் திறக்காது. நாம் சோம்பேறி என்று திட்டுகிறோம். முதல் பீரியடில் ஒரு பையனின் நோட்டைப் பார்த்தேன். எழுத்து மெல்லக் கோணி, ஒரு சொல்லின் பாதியிலிருந்து வெறும் கோடாகச் சரிந்து, பக்கத்தின் ஓரம்வரை போயிருந்தது. கன்னம் நோட்டின் மேல், நெற்றி பெஞ்சுக் கட்டையில். நித்திரை சுகம் அறியாது, ஐயா! எழுப்ப எனக்கு மனசே வரவில்லை.

இவர்களுக்குப் பள்ளி 8:30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2014லேயே சொல்லிவிட்டது. கலிஃபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டம். நாம் கேட்பதும் அவ்வளவுதான். அதிகாலைச் சிறப்பு வகுப்பையும் அதோடு நிறுத்தச் சொல்கிறோம்.

தலைவர் ஐயா நேரம் ஆயிற்று என்கிறார், முடித்துக்கொள்கிறேன். விண்ணப்பம் வாசல் மேசையில் இருக்கிறது. தாத்தா பாட்டிகளும் கையெழுத்துப் போடலாம். பேனா கட்டி வைத்திருக்கிறோம்.