ஓரத்தில் ஒரு பென்சில் கோடு

நேயர்களுக்கு வணக்கம்.

இளையோர் நாவல்களை எழுதுவதும் பதிப்பிப்பதும் என் தொழில். “அடுத்தவர் எழுத்தைத் திருத்திக்கொண்டே இருந்தால் சொந்த எழுத்து கெட்டுப்போகாதா?” என்று அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். எனக்கென்னவோ கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும் என்று படுகிறது. எழுதுகிறவர் பதிப்பாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தால், கெட்டுப்போகக்கூடியது அடுத்தவர் எழுத்துதான். தன் நடையை, தன் ரசனையைத் தன்னையறியாமலே அதில் ஏற்றிவிடுவார். அப்படி ஏற்றாமல், இரண்டு வேலையையும் பல பத்தாண்டுகள் பார்த்த ஒருவரைப் பற்றி இன்று சொல்லப்போகிறேன். பெயர் சார்லட் ஸோலடோ. அமெரிக்கர்.

1915இல் பிறந்தவர். 1938இல் நியூயார்க்கில் ஹார்ப்பர் பதிப்பகத்தின் சிறுவர் நூல் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்தவர் உர்சுலா நார்ட்ஸ்ட்ராம். 1940இல் அந்தப் பிரிவின் தலைமைக்கு வந்து, 1973 வரை அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் போக்கையே மாற்றியவர். ஒரு பூங்காவில் விடியலிலிருந்து இரவு வரை நடப்பதை வைத்து ஒரு புத்தகம் வரலாமே என்று ஸோலடோ ஒரு குறிப்பு எழுதி அவரிடம் கொடுத்தார். வேறு யாராவது எழுதட்டும் என்பதுதான் நினைப்பு. நார்ட்ஸ்ட்ராம் அதை இன்னும் விரித்து எழுதித் தரச் சொன்னார். அந்த விரிவே 1944இல் ஸோலடோவின் முதல் புத்தகமாக வந்தது.

யோசித்துப் பாருங்கள். நார்ட்ஸ்ட்ராம் அதில் தன் கருத்தைத் திணிக்கவில்லை; இன்னும் சொல்லு என்று கேட்டார், அவ்வளவுதான். எழுதுகிறவருக்கே தெரியாமல் அவருக்குள் கிடக்கும் புத்தகத்தை வெளியே கொண்டுவர அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது. ஸோலடோ அதை மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஏனென்றால், இடையில் பல ஆண்டுகள் வேலையை விட்டிருந்து, 1962இல் பதிப்பாசிரியராகத் திரும்பி வந்தவர், அதையே இன்னொருவருக்குச் செய்தார். பால் ஜின்டெல் என்று ஒரு உயர்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர். நாடகம் எழுதுவார். அவர் நாடகம் ஒன்று தொலைக்காட்சியில் வந்ததை ஸோலடோ பார்த்தார். அதில் பேசிய பிள்ளைகளின் குரல் அவருக்குப் பிடித்துப்போக, பதின்பருவத்தினருக்காக ஒரு நாவல் எழுதும்படி ஜின்டெலைத் தூண்டினார். நாவல் எழுதும் எண்ணமே இல்லாதிருந்த மனிதர் எழுதியதுதான் 1968இல் வந்த ‘தி பிக்மேன்’.

அந்த நாவலில் ஜான், லோரெய்ன் என்ற இரண்டு பிள்ளைகள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். விளையாட்டாகச் செய்த தொலைபேசி அழைப்பில், மனைவியை இழந்து தனியாக வாழும் ஒரு முதியவரோடு பழக்கம் ஏற்படுகிறது. அவர் இவர்களை நம்புகிறார். இவர்கள் அந்த நம்பிக்கையைக் கெடுக்கிறார்கள், அவர் இறந்துபோகிறார். கடைசியில் எந்தப் பெரியவரும் வந்து பிள்ளைகளைத் தேற்றுவதில்லை. செய்ததை அவர்களே சுமக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் எஸ். இ. ஹின்டன் என்ற 18 வயதுப் பெண்ணின் ‘தி அவுட்சைடர்ஸ்’ வந்திருந்தது. இளையோர் நாவல் என்றால் புத்தி சொல்லும் கதை என்ற எண்ணம் ஆட்டம் கண்ட காலம் அது.

இப்போது ஸோலடோவின் சொந்தப் புத்தகங்களைப் பார்ப்போம். எழுபதுக்கும் மேல் எழுதினார். பெரும்பாலும் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள். குரல் உயராத, சொல் மிகாத எழுத்து. 1972இல் வந்த ‘வில்லியம்ஸ் டால்’ என்ற கதையில் ஒரு சிறுவன் பொம்மைக் குழந்தை வேண்டும் என்கிறான். அண்ணன் கேலி செய்கிறான். அப்பா கூடைப்பந்தும் பொம்மை ரயிலும் வாங்கித் தருகிறார். அவன் இரண்டையும் நன்றாகவே விளையாடுகிறான். ஆனாலும் பொம்மைதான் வேண்டும். கடைசியில் பாட்டி வாங்கித் தருகிறாள். அப்பா ஆகப்போகிறவன் பிள்ளை வளர்க்கப் பழக வேண்டாமா என்பது அவள் நியாயம். இத்தனையும் சில நூறு சொற்களில்.

இதன் பக்கத்தில் ‘தி பிக்மேன்’ நாவலை வையுங்கள். 1989இல் அவர் பதிப்பித்த, பிரான்செஸ்கா லியா பிளாக் எழுதிய ‘வீட்ஸி பேட்’டையும் வையுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் பளபளப்பும் தெருப்பேச்சும் கனவும் கலந்த நாவல் அது. ஸோலடோவுக்கு அப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. மூன்றையும் தொட்டது ஒரே கை என்று சொல்லவே முடியாது. அவருடைய தொழில் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

இது எவ்வளவு கடினம் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு இளைஞரின் முதல் நாவல் என் மேசைக்கு வந்தது. அப்பாவின் சாவுக்குப் பிறகு, பதினைந்து வயதுப் பையன் அலமாரியைத் திறக்கும் இடம். “சட்டையெல்லாம் இருந்துச்சு. மூடிட்டேன்” என்று எழுதியிருந்தார். எனக்கு அது போதவில்லை. சட்டையின் மணம், காலரில் படிந்த கறை, தொண்டையை அடைக்கும் துக்கம் என்று நாலு வரி சேர்த்தேன். அழகாக வந்துவிட்டதாகத்தான் நம்பினேன்.

மெய்ப்பு பார்க்க அனுப்பியபோது, அந்த நாலு வரிக்குப் பக்கத்தில் அவர் பென்சிலால் நெடுக ஒரு கோடு இழுத்திருந்தார். கீழே சின்ன எழுத்தில், “இவன் இதை இன்னும் சொல்லத் தயாராகவில்லை” என்று இருந்தது.

கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: “ஏன் உடனே மூடினான்?” என்று ஓரத்தில் கேட்டிருக்க வேண்டும். அன்றே அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்; அந்தக் கேள்வியையும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “அடுத்த அத்தியாயத்தை மாத்தணும் போலிருக்கு. ஒரு வாரம் கொடுங்க” என்றார்.

நாலு வரியையும் அடித்தேன். புத்தகத்தில் இப்போது சட்டையெல்லாம் இருந்துச்சு, அவன் மூடிட்டான்.

வணக்கம்.