வெள்ளம் தாங்கும் நெல்லைக் கண்டுபிடித்தது யார்?

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

'மரபு அறிவும் காலநிலை மாற்றமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் முன்னோருக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று தொடங்கி, கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவது வழக்கம். நான் அப்படிப் பேசப்போவதில்லை. முன்னோருக்குத் தெரியாததும் நிறைய இருந்தது. நீங்கள் வேளாண் ஆராய்ச்சி மாணவர்கள். அதனால் நெல்லை வைத்தே பேசுகிறேன்.

டெல்டாவிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இது தெரியும். நட்ட பயிர் பச்சை பிடித்துத் தூர் கட்டும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. வடிகாலில் தண்ணீர் இறங்கவில்லை, வயல் மூழ்கிவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட பயிர் என்ன செய்கிறது? பதறுகிறது. எப்படியாவது மேலே வந்து மூச்சுவிட வேண்டும் என்று தண்டையும் இலையையும் விறுவிறுவென்று நீட்டுகிறது. சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்து அந்த அவசரத்திலேயே தீர்ந்துபோகிறது. தண்ணீர் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகிவிடுகிறது.

ஒடிசாவில் தால்புத்தியா என்று ஒரு நாட்டு நெல் உண்டு. மூழ்கினால் அது பதறுவதில்லை. வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, இருக்கிற சத்தைச் சிக்கனமாகச் செலவழித்தபடி தண்ணீருக்கடியில் சும்மா இருக்கிறது. இரண்டு வாரம்போலத் தாக்குப்பிடித்து, வடிந்ததும் மறுபடி துளிர்க்கிறது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகத்துக்கு விஞ்ஞானிகள் எஃப்.ஆர்.13ஏ என்று பெயர் வைத்தார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அந்த விதை போய்ச் சேர்ந்தது. இந்தக் குணம் 9ஆவது குரோமோசோமில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது 1996இல் தெரிந்தது. டேவிட் மெக்கில், பமேலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரஸ் ஆகியோரின் குழுக்கள் 2006இல் சப்1ஏ என்ற மரபணுவையே அடையாளம் காட்டின. அந்தக் குணத்தை, பரவலாகப் பயிரிடப்படும் ஸ்வர்ணா ரகத்துக்குள் கொண்டுவந்து, 2009இல் இந்தியாவில் ஸ்வர்ணா சப்1 என்று வெளியிட்டார்கள். நம் டெல்டாவில் பொன்மணி என்று சொல்கிறோமே, அந்த சி.ஆர்.1009க்கும் சப்1 வந்துவிட்டது. இது மரபணு மாற்றுப் பயிர் இல்லை, மகரந்தம் சேர்த்துக் கலக்கும் பழைய முறைதான். எந்த நாற்றில் அந்த மரபணு இருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இது முதல்தரமான விஞ்ஞானம். ஆய்வகம் இல்லாவிட்டால் அந்தக் குணம் விளைச்சல் குறைந்த ஒரு நாட்டு நெல்லுக்குள்ளேயே கிடந்திருக்கும். ஆனால் முதல் தேர்வு ஆய்வகத்தில் நடக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் எந்தப் பயிர் பிழைத்தது என்று பார்த்து, அதன் கதிரை விதைக்கென்று தனியாக எடுத்து வைத்த விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அவர்களுக்குக் கிடைப்பது 'ஒடிசாவின் நாட்டு ரகம்' என்று ஒரு வரி.

சரி, நன்றி சொல்லவில்லை என்பதா இவர் குறை என்று கேட்பீர்கள். இல்லை. நன்றி சொல்லாததால் நெல் செத்துவிடாது. வேறொன்றால் செத்துவிடும். அதற்குப் பொக்காளி வயலுக்குப் போக வேண்டும்.

கொச்சியைச் சுற்றி, எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் கடலோரமாக, பொக்காளி என்ற நாட்டு நெல் விளைபவை பொக்காளி வயல்கள். கடல் ஏறி இறங்கும் உப்பு நிலம். கோடையில் வரப்பைச் சரிசெய்து, வயல் முழுக்கச் சின்னச் சின்ன மண்மேடுகள் போடுகிறார்கள். ஜூன் மழை அந்த மேடுகளில் உள்ள உப்பைக் கழுவிவிடும். அப்புறம் முளைகட்டிய விதையை மேட்டின் தலையில் விதைக்கிறார்கள். ஒரு மாதம் போனதும் மேட்டை நாற்றோடு வெட்டி, மண்ணோடு சேர்த்துச் சுற்றிலும் பரப்புகிறார்கள். அந்த மேடுதான் நாற்றங்கால். உரம் கிடையாது, மருந்து கிடையாது. பயிர் ஆள் உயரத்துக்கு வளரும். அறுவடையில் பெண்கள் தண்ணீருக்குள் நின்று கதிரை மட்டும் அறுக்கிறார்கள். தாள் அங்கேயே அழுகுகிறது. நவம்பரில் மதகைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டால், அந்த அழுகலைத் தின்று இறால் வளர்கிறது. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். ஒரு நெல், ஒரு மீன் என்பது அங்கே ஏற்பாடு.

இந்தப் பொக்காளியிலிருந்துதான் சால்டோல் என்ற உப்பு தாங்கும் மரபணுப் பகுதியை விஞ்ஞானிகள் எடுத்தார்கள். இன்று ஆசியா முழுவதும் உப்பு நிலத்துக்கான நெல் ஆராய்ச்சியில் அது புழங்குகிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வைற்றிலா நிலையம் பொக்காளியிலிருந்தே ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் வயல்? வெகுவாகச் சுருங்கிவிட்டது. இறால் மட்டும் வளர்த்தால் லாபம் அதிகம் என்று ஆண்டு முழுவதும் உப்புநீரைக் கட்டி வைக்கிறார்கள். சேற்றில் இறங்கி மேடு வெட்டவும், தண்ணீரில் நின்று கதிர் அறுக்கவும் ஆள் கிடைப்பதில்லை. அந்த வேலைக்குக் கொடுத்த கூலியைப் பார்த்தால் வராதவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

விதைதான் வங்கியில் பத்திரமாக இருக்கிறதே என்பார்கள். சர்வதேச நெல் நிறுவனத்தின் வங்கியில் 1,30,000க்கும் அதிகமான நெல் மாதிரிகள் உறைகுளிரில் இருக்கின்றன. இருக்கட்டும், அவசியம். ஆனால் அது பிள்ளையைப் பத்து வயதில் எடுத்த போட்டோ போன்றது. வயலில் இருக்கும் பொக்காளி, ஏறுகிற கடலோடும் மாறுகிற மழையோடும் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே வருகிறது. எந்த மழைக்கு மேடு போட வேண்டும், எப்போது மதகை மூட வேண்டும் என்பதெல்லாம் எந்த விதை உறையிலும் இல்லை. அது வேலை செய்கிற கைகளில் இருக்கிறது. காலநிலை மாற்றத்தைத் தாங்குவதற்கு நமக்கு வேண்டியது கைகளில் இருக்கும் இந்த அறிவு.

பணம் கொடுத்தால் தீருமா? காணிகள் என்ற மலைப் பழங்குடிகளின் கதையைப் பாருங்கள். 1987இல் அகத்தியமலையில் விஞ்ஞானிகள் களைத்துப்போக, வழிகாட்ட வந்த காணிகள் ஏதோ காயை மென்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதை வைத்து, கேரளத்தின் பாலோடு என்ற ஊரில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் கொடுத்தது. வந்ததில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அறக்கட்டளையும் பதிவானது. உலகம் பாராட்டியது. பாராட்டத்தக்கதும்தான். ஆனால் மருத்துவம் பார்க்கும் பிளாத்திகள் சிலர் எதிர்த்தார்கள், தங்கள் அறிவைத் தங்களைக் கேட்காமல் யார் கொடுத்தது என்று. செடியைக் காட்டிலிருந்து எடுப்பதற்கு வனத்துறை தடை போட்டது. அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கு. மலைக்கு இந்தப் பக்கம் பாபநாசம் காரையாறிலும் காணிகள் இருக்கிறார்கள். பங்கு பிரித்தார்களே தவிர, யாரிடம் கேட்க வேண்டும் என்பதை முதலில் தீர்க்கவில்லை.

இதைவிட நேரான ஏற்பாடு ஒன்று திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நடந்தது. நெல் ஜெயராமன் 2018இல் மறையும்வரை 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுப் பரப்பினார். நெல் திருவிழாவில் 2 கிலோ விதை கொடுப்பார், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்ப வேண்டும். விதை வயலில்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. மடுமுழுங்கி, குழியடிச்சான் போன்ற நாட்டு நெல் ரகங்கள் இன்றைக்குப் பேசப்படுகின்றன என்றால் இப்படிப்பட்ட ஆட்களால்தான். அவற்றைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் உண்மையா என்று சோதிக்கத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். சோதியுங்கள், தயங்காதீர்கள். எல்லாப் பழைய நெல்லும் எல்லா நோயையும் தீர்க்கும் என்று விற்கிறவர்களுக்கும் அதுவே பதில்.

பல்கலைக்கழகத்துக்கு நான் வைப்பது சின்னக் கோரிக்கைதான். ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கேட்கும்போது கருவிக்கு, பயணத்துக்கு, மாணவர் உதவித்தொகைக்கு என்று எழுதுகிறோம். விதை வைத்திருப்பவர் அந்த ரகத்தை இன்னும் ஐந்து ஆண்டு பயிரிடுவதற்கான செலவு என்று அதில் இன்னொரு வரி சேருங்கள். ஆய்வைத் தொடங்கும் முன்பே ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து, என்ன சோதிக்கலாம் என்று அவர்களிடம் கேளுங்கள். முடிந்ததும் முடிவைத் தமிழில் அதே கூட்டத்தில் சொல்லுங்கள். இதற்கெல்லாம் விதிமுறையில் இடமில்லை என்று நிதி அலுவலர் சொல்வார். சப்1 நெல்லுக்குச் செலவு செய்ய விதிமுறையில் இடம் இருந்ததல்லவா, அதே பக்கத்தைப் புரட்டச் சொல்லுங்கள்.