கும்பிட்ட கை, இடிக்கச் சொன்ன வாய்

[காட்சி: புதுச்சேரி பாரதி பூங்கா, காலை. மரங்களுக்கு நடுவே வெள்ளை மண்டபம்.]

குரல்: புதுச்சேரிக்காரர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அரசு முத்திரையிலேயே இருக்கும் ஆயி மண்டபம். இதன் கதையும் பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கதையை ஓரிடத்தில் சற்று நிறுத்திப் பார்க்கலாம்.

கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கொளியில் மின்னிய அழகான கட்டடம் ஒன்றைக் கண்டாராம். கோயில் என்று எண்ணிக் கைகூப்பினாராம். அது ஆயி என்ற தேவதாசியின் வீடு என்று தெரிந்ததும், இடித்துத் தள்ளச் சொன்னாராம். செவிவழிக் கதை, கல்வெட்டு எங்கே என்று கேட்காதீர்கள்.

இங்கேதான் நிறுத்த வேண்டும். கும்பிட்டதற்கும் இடிக்கச் சொன்னதற்கும் நடுவில் அந்தக் கட்டடத்தில் என்ன மாறியது? ஒரு தூண்கூட நகரவில்லை, ஒரு விளக்குகூட அணையவில்லை. யாரோ அரசர் காதில் ஒரு சொல்லைப் போட்டார்கள், அவ்வளவுதான்.

[காட்சி: தியானத்தில் அமர்ந்த புத்தர் சிலையின் கோட்டோவியம். திரையில் எழுத்து: லண்டன், 1910]

குரல்: அரசருக்காவது பிறர் சொல்ல வேண்டியிருந்தது. ஜார்ஜ் பேர்ட்வுட்டுக்கு அதுவும் தேவைப்படவில்லை. இந்தியாவில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றிய ஆங்கிலேயர், நம் நெசவையும் நகை வேலையையும் புகழ்ந்து புத்தகமே எழுதியவர். லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் ஜாவாவின் புத்தர் சிலைப் படம் ஒன்றைக் குறித்துப் பேசும்போது, அமைதிக்கு அடையாளமாக இதை வைப்பதற்கு வேகவைத்த கொழுப்புப் புட்டிங்கையே வைக்கலாம் என்றார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், களி உருண்டை! கலைஞர்களும் விமர்சகர்களுமாகப் பதின்மூன்று பேர் டைம்ஸ் பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதும் அளவுக்கு அது பெரிதாயிற்று.

அவருக்கு இந்தியாவைப் பற்றித் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. இந்தியர்களுக்குக் கைவேலை வரும், உயர்ந்த கலை வராது என்ற முடிவு மனதில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. தசைநார் தெரிகிற கிரேக்கச் சிலையே சிலை என்று பழகிய கண்ணுக்கு, மூச்சு அடங்கிய அந்த வழவழப்பு வெறும் மாவாகத் தெரிந்தது.

[காட்சி: சாலையோரம், ஆலமரத்தடி, சாயம் போன மண்குதிரைகள்.]

குரல்: அவரைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. எங்கள் ஊர் ஐயனார் கோயிலில் இப்படிப்பட்ட குதிரைகளுக்கு நடுவில்தான் ஒளிந்து விளையாடினேன். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. பல வருடம் கழித்து, இந்த நகரத்தின் பிரெஞ்சுப் பகுதியில் ஒரு கடையில் அதே போன்ற குதிரை. வெள்ளைச் சுவர், மேலிருந்து ஒற்றை விளக்கு, காலடியில் விலைச்சீட்டு. பக்கத்தில் போய்க் கழுத்தின் வளைவைப் பார்த்து அசந்து நின்றேன். காதில் இருந்த விரிசல்கூட அழகாகப் பட்டது.

அசடு வழிந்தது பிறகுதான். ஐயனாருக்கு மண்குதிரை செலுத்தும் புரவியெடுப்பு விழாவில் வைத்த குதிரை வெயிலிலும் மழையிலும் கரைந்து மண்ணோடு போகும். அடுத்த நேர்த்திக்கு, குதிரை செய்யும் குயவரான வேளார் புதிதாகச் செய்வார். ஊரில் யாரும் விரிசலைக் கண்டு உருகுவதில்லை. பழையது என்றால் உயர்ந்தது என்ற என் எண்ணத்தைத்தான் அந்தக் காதில் பார்த்திருக்கிறேன்.

[காட்சி: சிதம்பரம் கிழக்குக் கோபுரம். பிறகு, அலங்காரம் இல்லாத நடராசர் செப்புத் திருமேனி.]

குரல்: அப்படியானால் எதுவும் தெரியாமல் பார்ப்பதுதான் சரியா? பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் நடராசரைப் புகைப்படங்களில்தான் பார்த்தார். 1913-இல் அவர் எழுதிய குறிப்பு, அவர் இறந்த பிறகு 1921-இல் வெளிவந்தது. உடலின் மேல் ஒளியும் நிழலும் போகும் போக்கை அப்படி ரசித்திருக்கிறார். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்கு நிற்பவருக்கு அந்த உடல் கண்ணில் படுவதே அரிது. பட்டும் பூவும் மறைத்திருக்கும். ஆனால் தூக்கிய திருவடி தனக்காகத் தூக்கியது என்று அவருக்குத் தெரியும். ரோதேனும் சிற்பியின் கண்ணோடு வந்தவர்தானே? வெறுங்கண் என்று ஒன்றை நான் இதுவரை சந்தித்ததில்லை.

[காட்சி: மீண்டும் ஆயி மண்டபம்.]

குரல்: ஆயி தன் வீட்டைத் தானே இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டினாள் என்று கதை முடிகிறது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அந்தக் குளம் இருந்த முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக இந்த மண்டபம் எழுந்தது.

படம்பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அரசர் செய்த அதே தவறு, நல்ல காட்சி கிடைத்தது என்று எனக்குள் மகிழ்ச்சி. அருகில் போய், "பாட்டி, இது கோயில் இல்லை" என்றேன்.

"தெரியும் தம்பி" என்றார். "தண்ணீர் கொடுத்தவள்தானே?"

[காட்சி: பாட்டி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போகிறார். திரை இருள்கிறது.]