மூடலின் அளவுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஈரேழு பதினான்கு உலகங்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு, யூத மறைஞானமான கபாலா சொல்லும் நான்கு உலகங்கள் கொஞ்சமாகவே தோன்றும். விவிலியத்தின் ஏசாயா நூலில், 43:7-இல் அடுத்தடுத்து வரும் மூன்று வினைகளிலிருந்து மூன்றுக்குப் பெயர் வந்தது: படைப்பின் உலகமான பெரீயா, உருவாக்கத்தின் உலகமான யெட்சிரா, செயலின் உலகமான அசியா. இவற்றுக்கு மேலே அட்சிலூத். அது படைக்கப்பட்டதன்று, எல்லையற்ற இறைவனிடமிருந்து நேரே சுரந்து, அவனை விட்டுப் பிரியாதது.

இவற்றை மேலும் கீழுமான இடங்களாக எண்ணினால் தடுமாறிப் போவோம். ஒளி ஒன்றேதான். எந்த அளவுக்கு அது மூடப்பட்டிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. யூத நாள்காட்டியின் ஷெவாத் மாதம் 15-ஆம் நாள், மரங்களின் புத்தாண்டன்று, கபாலா வழியினர் பரப்பும் பழத்தட்டைப் பார்த்தால் இது விளங்கும். அத்தி, திராட்சை போன்று முழுவதும் உண்ணத்தக்கவை பெரீயாவுக்கு. வெளியே சதையும் உள்ளே கொட்டையுமாக உள்ள பேரீச்சையும் ஒலிவமும் யெட்சிராவுக்கு. மாதுளையும் வாதுமையும் அசியாவுக்கு. ஓட்டையோ தோலையோ நீக்காமல் அவற்றை உண்ண முடியாது. வகைக்குப் பத்துப் பழங்கள். அட்சிலூத்துக்குப் பழமே கிடையாது. இறையியல் நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை இந்தத் தட்டு சொல்லிவிடுகிறது என்பது என் எண்ணம். தீமைக்கும் அவர்கள் வைத்த பெயர் கெலிப்பா, அதாவது தோல்.

மூடல் எப்படி வந்தது? இதற்குத் துணிச்சலான விடை தந்தவர் ஐசக் லூரியா. 1534-இல் எருசலேமில் பிறந்து, எகிப்தில் வளர்ந்து, 1570-இல் கலிலேயாவின் சஃபேத் நகருக்கு வந்தார். 1572-இல் கொள்ளைநோயில் இறந்தார். இருந்தது இரண்டே ஆண்டு. தாமே எழுதியது மிகக் குறைவு. சீடர் ஹயிம் விட்டல் எழுதிவைத்ததால்தான் நமக்குக் கிடைத்தது. லூரியா சொன்னது இது: இறைவன் தன்னைச் சுருக்கிக்கொண்டு வெற்றிடம் விட்டான். அதில் பாய்ந்த ஒளியைத் தாங்க முடியாமல் அதை ஏந்திய பாத்திரங்கள் உடைந்தன. 288 ஒளிப்பொறிகள் தோல்களுக்குள் சிக்கின. ஆதாமின் பாவத்தால் உலகங்கள் இன்னும் கீழே சரிந்தன. சிக்கிய பொறிகளை மீட்பது மனிதனின் வேலை. சாப்பிடுமுன் சொல்லும் ஆசிமொழியும் அந்த வேலையில் சேரும்.

1492-இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்ட வலியே இந்தக் கோட்பாடாக உருவெடுத்தது என்றார் கபாலா ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம். பின்வந்த ஆய்வாளர் மோஷே ஐடெல் இதை ஏற்கவில்லை. லூரியாவின் தந்தை வழி ஸ்பானிய வழியே அன்று, அஷ்கெனாசி வழி, அதாவது ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பா பக்கத்து யூதர் வழி. ஆகவே கோட்பாட்டின் பிறப்புக்கு ஷோலெமின் விளக்கம் போதாது என்றே நினைக்கிறேன். அது பரவிய வேகத்துக்கு வேண்டுமானால் பொருந்தலாம். சஃபேத் வீதிகளில் அப்போது ஸ்பெயினை இழந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிறையவே இருந்தார்கள்.