மலையை விட்டு இறங்காத ருசி

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீடு நீலகிரியில், கேத்திப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் மண். அதில் ஒரு பிளம்ஸ் மரம், ஒரு வால்பேரி மரம், வேலியோரம் மேரக்காய் என்கிற சௌசௌக் கொடி. மீதி இடத்தில் பாத்திகள். இந்தப் பிப்ரவரியில் பிளம்ஸ் மரத்தில் இலையே இல்லை, கிளை முழுக்க வெள்ளைப் பூதான். காலை வெயில் ஏறியதும் தேனீக்கள் வந்துவிடுகின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பாத்தி கொத்துவது எனக்கு வருஷத்தில் மிகப் பிடித்த வேலை.

நீலகிரிக் கேரட்டும் பீட்ரூட்டும் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. மலையில் இருக்கும் நாமோ கடையில் கால் கிலோ, அரை கிலோ என்று வாங்குகிறோம். இடமிருந்தும் பயிர் வைக்காதவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. காய்கறிச் செலவு மிச்சமாகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சில ருசிகள் இந்த மலையை விட்டு இறங்கவே முடியாதவை. மரத்திலேயே பழுத்த பிளம்ஸ் அப்படிப்பட்டது. அதைப் பெட்டியில் போட்டு அனுப்பினால் கொண்டை ஊசி வளைவுகளில் நசுங்கிப் போகும். அதனால் விற்பனைக்கான பழத்தைக் கெட்டியாக இருக்கும்போதே பறிக்கிறார்கள். நிறம் பிறகு ஏறும். ஆனால் மரத்தில் கடைசி வாரத்தில் சேர்கிற இனிப்பு அதில் இருக்காது. மே, ஜூனில் விரல் பட்டாலே கையில் விழுகிற பழத்தை மரத்தடியிலேயே நின்று சாப்பிட்டவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

பட்டாணியும் அப்படித்தான். பறித்த நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது. இரண்டு நாள் ஆன பட்டாணி பார்க்கப் பச்சையாக இருக்கும், வாயில் போட்டால் மாவாக இருக்கும். குருமாவுக்குத் தேங்காய் அரைத்து முடிக்காமல் என் மாமியார் என்னைத் தோட்டத்துக்கு அனுப்பமாட்டார். "அரைச்சாச்சா? அப்போ போய்ப் பறி, கண்ணு" என்பார். உரிக்கும்போதே பாதியைப் பிள்ளைகள் தின்றுவிடுவார்கள். அவர்களைத் தடுக்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

நான் ஈரோட்டுப் பக்கத்துப் பெண். ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவள். இங்கே ஆடியில் தென்மேற்கு மழையும் மூடுபனியும் சேர்ந்து நாள் கணக்கில் வெயிலே தெரியாது. அந்தக் கணக்கு இங்கே செல்லாது என்று புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. திருமணமாகி வந்த வருஷம் ஐப்பசியில் ஆசையாகப் பீன்ஸ் போட்டேன். நன்றாகக் கொடி ஏறியது, பூவும் வைத்தது. மார்கழியில் ஒரு காலை கதவைத் திறந்தால் புல்லெல்லாம் வெள்ளை. வெயில் பட்டதும் பீன்ஸ் இலைகள் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கிவிட்டன. அன்று நான் அழுதேன்.

குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலவே பள்ளம் தேடி இறங்கும். அதனால்தான் பள்ளத்தாக்கின் அடியில் உறைபனி கடுமையாக விழுகிறது. கொஞ்சம் மேலே சரிவில் இருக்கும் வீட்டுத் தோட்டம் அதே இரவில் தப்பித்துவிடும். உங்கள் தோட்டத்திலும் எந்த மூலையில் முதலில் வெள்ளை படிகிறது என்று ஒரு வருஷம் கவனித்து வையுங்கள். அந்த மூலையில் பீன்ஸும் உருளைக்கிழங்கும் பனிக்காலத்தில் வேண்டாம். முட்டைகோஸ், கேரட், பூண்டு தாங்கும். தாங்குவது மட்டுமா, குளிர் பட்ட கேரட் இனிக்கும். உறையாமல் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பிடுங்கும் கேரட்டை யாரும் பொரியல் செய்ய விடுவதில்லை, கழுவிக் கடித்தே தீர்த்துவிடுவார்கள். இளம் நாற்றுகள் இருந்தால் சாயங்காலமே தழைகளால் மூடிவிடலாம்.

சரி, எப்போது எதைப் போடுவது? நம் விவசாயிகளிடம் மூன்று போகக் கணக்கு இருக்கிறது. ஏப்ரல் மழையை நம்பி கார்போகம், ஆகஸ்ட் செப்டம்பரில் கடைபோகம், ஜனவரி பிப்ரவரியில் தண்ணீர் விட்டுச் செய்வது நீர்போகம். வீட்டுத் தோட்டத்துக்கும் இதுவே போதும். வாளித் தண்ணீரில் வளர்க்க முடிகிற அளவு மட்டும் இப்போது போடுங்கள். உருளைக்கிழங்கைக் கார்போகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கு பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு நம் நாட்டில் முதலில் கண்டறியப்பட்டது இதே நீலகிரியில்தான், 1961ல். அதன் கூடுகள் கிழங்கு இல்லாமலே பல வருஷம் மண்ணில் உயிரோடு கிடக்கும். அதனால் ஒரு பாத்தியில் கிழங்கு எடுத்தால் அடுத்த மூன்று நான்கு வருஷம் அங்கே கிழங்கும் வேண்டாம், அதே குடும்பமான தக்காளி, கத்தரியும் வேண்டாம். பீன்ஸ், பூண்டு, கேரட் என்று மாற்றிக்கொண்டே வாருங்கள். அப்புறம், நம் மண் புளிப்பு மண். முட்டைகோஸ் வேர் முடிச்சு முடிச்சாக வீங்கினால் மண்ணுக்குச் சுண்ணாம்பு போதவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். நடுவதற்குச் சில வாரம் முன்பே டோலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்துவிடுவது நல்லது.

மழை மாதங்களில் எங்களைக் காப்பாற்றுவது மேரக்காய். முழுக்காயையே முளைக்க வைத்து நட வேண்டும். விதை காய்க்குள்ளேயே முளைத்து வெளியே எட்டிப் பார்க்கும். ஒரு கொடி போதும், நாலு வீட்டுக்குக் காய்க்கும். முற்ற விடாமல் உள்ளங்கை அளவில் பறித்தால் பாசிப்பருப்புக் கூட்டுக்கு அது மாதிரி வேறு காய் கிடையாது. தோலில் துவையல், கொழுந்தில் பொரியல். தோல் சீவும்போது பால் பிசுபிசுவென்று ஒட்டும், தண்ணீருக்குள் வைத்துச் சீவுங்கள்.

அதே மழையில் பேரியும் வரும். பிளம்ஸுக்குச் சொன்னதை இதற்குச் செய்யாதீர்கள். வால்பேரி மரத்திலேயே பழுத்தால் உள்ளிருந்து கனிந்து மாவாகிவிடும். காயைக் கையில் ஏந்தி மேல்பக்கமாகத் தூக்கிப் பாருங்கள். காம்பு தானே விட்டால் பறிக்கும் பருவம். வைக்கோலில் ஒரு வாரம் வைத்தால் வீடே மணக்கும். பட்டர் ஃப்ரூட்டும் பறித்த பிறகுதான் கனியும்.

குரங்குக்கும் காட்டுமாட்டுக்கும் ஒரு பங்கு போகத்தான் செய்கிறது. போன வருஷம் ஒரே இரவில் முட்டைகோஸ் பாத்தி முழுக்கப் போனது. வருத்தம்தான், ஆனால் மறுவாரமே நாற்று வாங்கி நட்டேன்.

உதகை தாவரவியல் பூங்காவைப் பார்க்காதவர் நம்மில் இருக்கமாட்டார்கள். 1840களில் இங்கே குடியேறிய ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, நியாயமான விலையில் காய்கறி கிடைக்க வேண்டும் என்றுதான் அந்தத் தோட்டத்துக்கு வித்திட்டார்கள். பூக்களெல்லாம் பிறகு வந்தவை.

நேற்று இரவு பட்டாணி விதையை ஊறப் போட்டேன். இன்று வீடு திரும்பியதும் பிளம்ஸ் மரத்துக்குக் கிழக்கே, வெயில் சீக்கிரம் படும் பாத்தியில் ஊன்றப் போகிறேன். பிள்ளைகளுக்கு விடுமுறை நடக்கும்போதே, மே மாதத்தில் உரிக்கலாம்.

வணக்கம்.